பழையபடி ஓடினால் போதாது: கண்டி ரயிலுக்கு நேரம் குறிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. கண்டிக்கு வந்துபோகும் ரயில்களுக்கு நேரம் குறிப்பவர்கள், பெட்டி ஒதுக்குபவர்கள், எந்தப் பாதைக்கு முதலில் பணம் போக வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் யாரோ, அவர்கள் எல்லோருக்கும் இந்த மடல். நான் உலப்பனையைச் சேர்ந்தவள். கண்டி டவுனில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். புயலுக்கு முந்திய பதினான்கு வருடமும் என் கைப்பையில் சீசன் டிக்கெட் இல்லாத மாதம் இருந்ததில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மலைநாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மண்சரிவுச் செய்தி. ரயில் பாதையும் பல இடங்களில் புதைந்தது. சில இடங்களில் அடிமண் முழுக்கக் கழன்று போய், தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் ஏணி போல அந்தரத்தில் தொங்கின. அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு மலைநாட்டு ரயில் பற்றிப் பேச்சு வந்த இடத்திலெல்லாம் என் காதில் விழுந்தது ஒரே கேள்விதான்: சுற்றுலாப் பயணிகள் போகும் எல்ல ஊருக்கான ரயில் எப்போது ஓடும்? கம்பளை ரயில் எப்போது, வத்துகாமம் ரயில் எப்போது என்று கேட்டவர்கள், என்னைப் போல பிளாட்போமில் நின்று பழகியவர்கள் மட்டுமே. பாதை பழைய நிலைக்குத் திரும்பும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கு மனம் கனத்துப் போகிறது. அந்தப் பழைய நிலையே எங்களுக்குப் போதாமல்தான் இருந்தது.

அதனால் நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதையைத் திருத்துகிற கையோடு, கண்டிக்கு ஒரு நகர ரயிலையும் தாருங்கள். ஒரு பக்கம் கம்பளை, நாவலப்பிட்டி. மறுபக்கம் கட்டுகஸ்தோட்டை, வத்துகாமம், மாத்தளை. இடையில் கண்டி. காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் கிளினிக்குக்கும் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, இரவில் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரயில்.

புதுப் பாதை போடச் சொல்லவில்லை. பாதை 19ஆம் நூற்றாண்டிலேயே போட்டாகிவிட்டது. கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்தது 1867இல். நாவலப்பிட்டி வரை 1874இல் போனது, மாத்தளைக்கு 1880இல். பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. கோப்பி மூட்டையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. கோப்பியை நோய் தின்று தீர்த்த பிறகு தேயிலைப் பெட்டி ஏறியது. மனிதர்கள் தினமும் வேலைக்குப் போய்த் திரும்புவதை மனதில் வைத்து அன்றைக்கு யாரும் நேரம் குறித்திருக்க மாட்டார்கள். அது சரி, அன்றைய தேவை அது. இன்றைக்கும் அட்டவணையைப் பார்த்தால் தூரத்து ரயில்களுக்குத்தான் முதலிடம். எங்கள் ரயில் அவற்றுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் செருகப்பட்டதாகவே தெரிகிறது.

வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: கண்டி பதுளைக்குப் போகும் பிரதான பாதையில் இல்லை. பேராதனைச் சந்தியில் பிரிந்து மாத்தளைக்குப் போகும் கிளையில் இருக்கிறது. அதனால்தான் புயலுக்கு முன், கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் உடரட்ட மெனிகே போன்ற ரயில்கள் கண்டிக்குள் வராமலே பேராதனையில் திரும்பி மேலே ஏறிவிடும். பதுளைப் பக்கத்திலிருந்து வருகிற எல்லா ரயிலும் கண்டிக்கு வரும் என்று நம்பி ஏறியவர்கள், பேராதனையில் பை மூட்டையோடு இறங்கி பஸ்ஸுக்கு ஓடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தூரத்து ரயில் நேரத்தை மிச்சம் பிடிக்க அப்படிப் போவது நியாயம். ஆனால் அந்த ரயிலையே கம்பளைக்காரரின் கண்டி ரயிலாகவும் கணக்கில் எடுப்பது நியாயம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நகர ரயிலுக்கு வேண்டிய சின்னச் சின்ன நிறுத்தங்கள் கண்டியில் ஏற்கனவே இருக்கின்றன. பேராதனையிலிருந்து டவுனுக்கு வரும் வழியில் சரசவி உயன, ராஜவத்த, ராண்டில்ஸ் ஹில், சுதுஹும்பொல. டவுனைத் தாண்டினால் அஸ்கிரிய, மஹியாவை, பிறகு கட்டுகஸ்தோட்டை. சரசவி உயனவில் இறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகம். கண்டி ஸ்டேசனில் இறங்கினால் குட்செட் பஸ் நிலையம் பக்கத்திலேயே, பெரியாஸ்பத்திரியும் நடக்கிற தூரம். வேறு நாடுகளில் இப்படி ஒரு தொடர் நிறுத்தங்களை ஊருக்குள் கொண்டுவர வீடுகளை உடைக்கிறார்கள், கோடி கோடியாகக் கடன் வாங்குகிறார்கள். இங்கே நிறுத்தம் இருக்கிறது, நிற்பதற்கு ரயில்தான் குறைவு.

கண்டி டவுனின் நெரிசலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று பக்கம் மகாவலி, சுற்றிலும் மலை, நடுவில் ஏரி. உள்ளே வர பேராதனைப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், தென்னக்கும்புரப் பக்கம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகள். பள்ளி விடும் நேரத்தில் கெட்டம்பேயில் பஸ் நின்றால், இறங்கி நடந்தவர் முதலில் வந்து சேர்வார். மலைக்கு நடுவே கிண்ணம் போல இருக்கும் ஊர் என்பதால் வாகனப் புகையும் வெளியேறாமல் அங்கேயே தேங்குகிறது. தெருவை அகலமாக்க இடமே இல்லாத ஊரில், தெருவைத் தொடாமல் உள்ளே வரும் தண்டவாளம் இரண்டு பக்கமும் இருக்கிறது. நாங்கள் பஸ் ஜன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கொழுந்து பறித்த கை. இப்போது சீனி வருத்தம், பிரஷர், கண்ணில் ஒரு சத்திரசிகிச்சை முடிந்திருக்கிறது. மாதம் ஒரு தடவை கண்டியில் கிளினிக். சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுக்க வேண்டும், நேரத்தோடு போனால்தான் நம்பர் முன்னுக்குக் கிடைக்கும். விடியும் முன்பே எழும்பி, கிளினிக் கொப்பியை பொலித்தீன் உறையில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துண்டைச் சுற்றி, பையின் அடியில் வைப்பார். பாண் துண்டும் சம்பலும் தனியாக ஒரு பெட்டியில், இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட. பிளாட்போமில் பனி இறங்கியிருக்கும். ஸ்வெட்டரின் மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பையை மடியில் கட்டிப்பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ரயில் வரும் சத்தம் எனக்குக் கேட்க முன்னமே அவருக்குக் கேட்டுவிடும். "வருது, எழும்பு" என்பார்.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்டால், அம்மா சொல்லும் காரணம் கட்டணம் இல்லை. ரயிலில் கக்கூஸ் இருக்கிறது. சீனி வருத்தக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களோடு பஸ்ஸில் போனவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து பஸ் ஏறும் பெண்கள் எங்கள் தோட்டத்தில் எத்தனையோ பேர். வளைவுப் பாதையில் தலை சுற்றி, வாந்தி எடுத்து, கிளினிக் வாசலில் விழுந்தவர்களும் உண்டு. ரயிலில் எழும்பி நடக்கலாம், காலை நீட்டலாம். இந்தப் பாதையில் ஒரு ரயில் குறைந்தால், அம்மாவைப் போன்ற ஒருவர் அந்த மாதக் கிளினிக்கை விட்டுவிடுகிறார். உங்கள் கணக்கில் அது எங்கேயும் பதிவாகாது.

சரி, எத்தனை ரயில் வேண்டும்? கணக்கு எழுதுகிறவள் என்பதால் நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பளையிலிருந்து பேராதனை, கண்டி வழியாக கட்டுகஸ்தோட்டை வரை பாதை 25 கிலோமீற்றருக்குள்தான் வரும். எல்லா நிறுத்தத்திலும் நின்று போனாலும் ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். போய், கொஞ்சம் நின்று, திரும்பி வர இரண்டரை மணித்தியாலம். இஞ்சினும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும் பவர்செட் ரயில் இரண்டு கொடுத்தால், ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு ஒரு ரயில் இரண்டு பக்கமும் போகும். பவர்செட்டுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் இஞ்சினைக் கழற்றித் திருப்பி மாட்டும் வேலையும் இல்லை. காலையில் மூன்று மணித்தியாலமும் மாலையில் நான்கு மணித்தியாலமும் இப்படி ஓடினால் போதும், எங்கள் வாழ்க்கை மாறிவிடும். நாவலப்பிட்டிக்கும் மாத்தளைக்கும் இதில் சிலதை நீட்டலாம். முழு நாளும் வேண்டும் என்று முதல் நாளே அடம்பிடிக்க மாட்டோம்.

தனிப் பாதை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. றம்புக்கனைக்கு மேலே இரட்டைப் பாதை இல்லை. எதிரே ஒரு ரயில் வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேசனில் ஒதுங்கி நிற்க வேண்டும், எதிர் ரயில் தாமதித்தால் எங்கள் ரயிலும் தாமதிக்கும். மேலே மலைப் பாதையில் இன்றைக்கும் ஸ்டேசன் மாஸ்டர் வளையத்தில் மாட்டிய டெப்லட் என்ற அனுமதி வில்லையை ஓட்டுநருக்கு நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த டெப்லட் கைக்கு வராமல் ரயில் நகராது. அது எங்கள் உயிருக்கான காவல் என்பது எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணைத் தோண்டி, பாதையை எடுத்துத் திரும்பவும் போடும் இந்த நேரத்தில்தான், எந்த ஸ்டேசனில் ஒதுங்குபாதையை நீட்டலாம், எங்கே புதிதாக ஒன்று போடலாம், சிக்னலை எங்கே மாற்றலாம் என்று யோசிக்க முடியும். வேலை எல்லாம் முடிந்து ரிப்பன் வெட்டிய பிறகு மறுபடி தோண்ட யாரும் பணம் தரமாட்டார்கள். பாதை ஓரத்து வடிகானையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மேலே சரிவில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாதை பராமரிக்கும் கேங்கில் வேலை செய்த பழைய ஆட்களுக்கும், அந்தச் சரிவில் தோட்ட லயத்து வீடுகளில் இருப்பவர்களுக்கும் நன்றாகத் தெரியும். பொறியியலாளர்கள் தயவுசெய்து அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாலை நேரம்தான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. டவுனில் கடைகளில் நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்துப் பெண்பிள்ளைகள். துணிக்கடை, பார்மசி, போன் கடை, பேக்கரி. கடை பூட்டுவது ஏழு மணிக்கு, பண்டிகைக் காலத்தில் அதற்கும் பிறகு. அந்த நேரத்துக்கு இறங்கினால் எங்கள் பக்கம் போக நம்பிக்கையான ரயில் கிடைப்பதில்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், சந்தியில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்கு ஓட்டோ. ஓட்டோவுக்குப் போகும் காசைக் கூட்டிப் பார்த்தால் மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு. என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளை, வேலை பிடித்திருந்தும், முதலாளி நல்லவராக இருந்தும், இரவில் வீடு போய்ச் சேர வழியில்லாமல்தான் வேலையை விட்டாள். கடைசி நாள் அவள் என்னிடம், "அக்கா, எட்டு மணிக்கு ஒரு கோச்சி இருந்தா நான் நின்டிருப்பேன்" என்றாள். அந்த ஒரு கோச்சிக்காக, அந்த ஒரு ரயிலுக்காகத்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன்.

அப்புறம் மொழி. தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் 1987இல் எழுதியாயிற்று. ஒரு நாள் மாலை, ஒரு ஸ்டேசனில், மழைக்கு ரயில் ரத்து என்று ஒலிபெருக்கியில் சிங்களத்தில் இரண்டு தடவை சொன்னார்கள். பிளாட்போம் காலியானது. ஒரு பாட்டி மட்டும் மருந்துப் பையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கிட்டப் போய்க் கேட்டபோது, "எல்லாரும் எங்க போறாங்க புள்ள? கோச்சி வர நேரமாச்சுதானே" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம், நான் அன்றைக்குச் சிற்றுண்டிக் கடையில் இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் அவர் எவ்வளவு நேரம் அங்கே இருந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அறிவிப்பைத் தமிழிலும் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. நகர ரயில் என்று ஒன்று வந்தால், அதன் முதல் நாள் முதல் அறிவிப்பே இரண்டு மொழியிலும் இருக்கட்டும்.

என் அக்காவை உக்குவளையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். உலப்பனையும் உக்குவளையும் இரண்டுமே ரயில் ஸ்டேசன் உள்ள ஊர்கள், நடுவில் கண்டி. வரைபடத்தில் பார்த்தால் ஒரே கோடு. ஆனால் கண்டியில் மாறி ஏற வேண்டும், ஒன்று வரும் நேரமும் மற்றது போகும் நேரமும் ஒத்து வருவதில்லை. அதனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அக்கா வீட்டுக்கு நான் பஸ்ஸில்தான் போகிறேன். ஒரே ரயில் நாவலப்பிட்டியிலிருந்து மாத்தளை வரை நேரே போனால் எவ்வளவு குடும்பங்கள் இப்படி ஒன்றோடொன்று சேரும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு மாத்தளை ஏதோ ஒரு ஊர் மட்டும் இல்லை. கோப்பிக் காலத்தில் கப்பலில் இறங்கி, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த எங்கள் முப்பாட்டன்மார் மலைநாட்டில் முதலில் கால் வைத்த பக்கம் அது. 2023இல், எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த 200 வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்து வந்தவர்களை வரவேற்க அக்காவும் பிள்ளைகளோடு போய் நின்றாள். இந்த மலைப் பாதைகளை வெட்டியதிலும் எங்கள் ஆட்களின் உழைப்பு இருக்கிறது. உரிமையோடு கேட்கிறேன் என்றால் அதனால்தான்.

சுற்றுலாப் பயணிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்கள் ஜன்னலால் தலையை நீட்டி எங்கள் மலையைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது எனக்கும் சந்தோஷம்தான். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தை ஒரு தடவை பார்க்க உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள், அந்தக் காசில்தான் எங்கள் பிள்ளைகள் பலர் ஹோட்டல்களில் வேலை பார்க்கிறார்கள். அந்த ரயிலை நிறுத்த வேண்டாம், இன்னும் ஓட்டுங்கள். பெட்டி பங்கிடும்போது மட்டும், பார்க்க வருகிறவர்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதை எங்களுக்குத் தராமல், தினமும் ஏறுகிறவர்களுக்கு என்று முதலிலேயே ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

பணம் இல்லை என்பீர்கள். ரயில் நட்டத்தில் ஓடுகிறது என்பதும் தெரியும். 2022இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்றபோது, பஸ் குறைந்து, ஓட்டோ விலை ஏறி, நாங்கள் எல்லோரும் ரயிலில்தான் நெருக்கியடித்து வேலைக்குப் போனோம். அன்றைக்கு ஒரு ரயில் எத்தனை பஸ் சனத்தைச் சுமந்தது என்பதை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். போரில் அழிந்த யாழ்ப்பாணப் பாதை 2014இல் திரும்ப ஓடியது. மாத்தறைக்கு அப்பால் பெலியத்த வரை புதுப் பாதையே 2019இல் திறந்தார்கள். இரண்டையும் மனதார வரவேற்கிறேன், பிரிந்துபோன உறவுகள் யாழ்தேவி ரயிலில் வந்ததை நானும் கொண்டாடினேன். அந்த அளவு செலவில் நூற்றில் ஒரு பங்குகூட நான் கேட்பதற்கு ஆகாது என்பது என் நம்பிக்கை. இரண்டு பவர்செட், நீட்டிய சில ஒதுங்குபாதைகள், மழைக்கு ஒதுங்கக் கூரையுள்ள நிறுத்தங்கள், பெண்கள் இரவில் பயமில்லாமல் இறங்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நல்ல விளக்கு.

விளக்கைச் சும்மா சொல்லவில்லை. இருட்டில் இறங்கினால் பெட்டிப் படிக்கும் தரைக்கும் இடையில் எவ்வளவு ஆழம் என்றே தெரியாது. அம்மா ஒரு காலை முதலில் நீட்டித் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். நான் கீழே நின்று கையைப் பிடிப்பேன். நான் இல்லாத நாட்களில் யாரோ ஒரு பிள்ளை பிடிக்கும்.

புதிய அட்டவணை எழுத உட்காரும் முன் ஒரு வேலை நாளில், உங்களில் ஒருவராவது எங்களோடு வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாவலப்பிட்டியில் மூன்றாம் வகுப்பில் ஏறுங்கள். கம்பளைக்கு அப்புறம் நிற்கத்தான் இடம் கிடைக்கும். கண்டியில் இறங்கி, மாத்தளைப் பக்கம் போக எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பாருங்கள். மாலை ஏழரைக்கு மறுபடி ஸ்டேசனுக்கு வந்து, உலப்பனைக்கு ஒரு டிக்கெட் கேளுங்கள். நான் அங்கே நிற்பேன்.

இப்படிக்கு,
உலப்பனையிலிருந்து ஒரு சீசன் டிக்கெட்காரி